கத்திக்கு முன் ஒரு வார்த்தை

“நோய் தீர்ந்தது, இனி என்ன குறை?” என்று கேட்பவர் நம்மிடையே அநேகர். புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தை இழந்து வீடு திரும்பும் ஸ்திரீயிடம் இக்கேள்வியைக் கேட்பது நியாயமன்று. உயிரைக் காப்பது வைத்தியத்தின் முதற் கடமை; அதுவே கடைசிக் கடமையாகிவிடாது.

செங்கற்பட்டு இதை முன்பே கண்ட ஊர். 1947-இல் வேலூர் ரண வைத்தியர் டாக்டர் பால் பிராண்ட், டாக்டர் காக்ரேனின் அழைப்பின்பேரில் இங்கிருந்த குஷ்டரோக விடுதிக்கு வந்தார். நோயாளிகளின் மடங்கிய விரல்கள் அவர் மனத்தைவிட்டு அகலவில்லை. அவற்றை நிமிர்த்தும் ரண சிகிச்சையை அவர் பின்னர் வேலூரில் வளர்த்தார். நோய் ஆறினால் மட்டும் போதாது, உருவமும் சீர்பட்டாலே மனிதன் தலைநிமிர்ந்து வாழ்வான் என்ற அந்த உண்மை, மார்பகம் இழந்த ஸ்திரீக்கு மட்டும் பொருந்தாதா?

மார்பகத்தைத் திரும்ப அமைக்கும் சிகிச்சை இன்று உண்டு. நோயின் நிலை இடங்கொடுத்தால், மேல்தோலையும் சிலருக்குக் காம்பையும் காப்பாற்றிவிட்டு உள்ளிருப்பதை மட்டும் அகற்றுகிறார்கள். அப்போது கத்தி எங்கே விழுகிறது என்பது பெரிய விஷயம். மார்பின் அடி மடிப்பில் கீறினால் தழும்பு மறையும். ஆனால் பருத்த மார்பில் மேற்பகுதியை எட்டுவது கடினம். காம்பைச் சுற்றிக் கீறினால் வேலை எளிது. ஆனால் இரத்த ஓட்டம் குன்றிக் காம்பு கருகும் அபாயம் அதிகம். சரிந்த மார்புக்குத் தலைகீழான ‘டி’ எழுத்தைப்போல் கீறுவதுண்டு. கோடுகள் கூடுமிடத்தில் தோல் அழுகக்கூடும். செயற்கைப் பை வைத்தால் சீழ் பிடிக்கலாம், சுற்றிலும் இறுகலாம். வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சதை எடுத்தால் அங்கும் ஒரு புண் உண்டு. நீரிழிவும் புகையிலைப் புகையும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் இவ்வபாயங்களைப் பெருக்கும்.

ஆகையால் எல்லோருக்கும் ஏற்ற ஒரே வழி இல்லை. மாமல்லபுரக் கரையில் மீன்கூடை சுமந்து பிழைப்பவளுக்கு முதுகுத் தசையின் வலு ஜீவனோபாயம். உட்கார்ந்து தொழில் செய்பவளின் கணக்கு வேறு. இரண்டையும் வேண்டாமென்று, ஆறிய தழும்போடு வாழத் துணிபவளும் உண்டு. அந்த முடிவும் மதிக்கத்தக்கதே.

மாமல்லபுரத்துச் சிற்பி உளியைத் தொடுமுன் கல்லில் கோடிடுகிறான். ரண வைத்தியரும் கத்தியைத் தொடுமுன் தோலில் கோடிடுகிறார். கல் பேசாது, ஸ்திரீ பேசுவாள். அவளைக் கேட்காமல் அக்கோட்டை இடலாகாது.

நாம் கோருவது மிகையன்று. புற்றுநோய் வைத்தியரும் உருவமைப்பு வைத்தியரும் முதற் கீறலுக்கு முன்பே கலந்து யோசிக்கட்டும். வழிகளையும் அபாயங்களையும் நோயாளிக்கு விளங்கும் தமிழில் சொல்லட்டும். சர்க்கார் காப்பீடு எதுவரை உதவும் என்பதையும் அன்றே தெரிவிக்கட்டும். அமெரிக்காவில் மார்பகம் அகற்றும் செலவை ஏற்கும் காப்பீடு, அதைத் திரும்ப அமைக்கும் செலவையும் ஏற்க வேண்டுமென 1998-இல் சட்டம் செய்தார்கள். அந்த நியாயம் நம் நாட்டு ஸ்திரீகளுக்கும் உரியதே.

கடைசியாக, இதை வாசிக்கும் ஆண்மக்களுக்கு ஒரு வார்த்தை. “இந்த வயதில் இது எதற்கு?” என்று அவள் சார்பில் நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அவளுடன் செல்லுங்கள். அவள் கேட்கட்டும், அவள் தீர்மானிக்கட்டும். சுதந்திரம் தேசத்துக்கு மட்டுமா? தன் தேகத்தைப் பற்றித் தானே முடிவு செய்வதும் சுதந்திரமே.