சிவப்புக் காது ஆமைகளுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

மாண்புமிகு ஒன்றியச் சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்றத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

அடையாற்றிலிருந்து எழுதுகிறேன். பாங்காக்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வரும் பயணிகளின் பெட்டிகளில் சிவப்புக் காது ஆமைக் குஞ்சுகளைச் சென்னைச் சுங்கத்துறையினர் அடிக்கடி பிடிக்கிறார்கள், வந்த ஊருக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் தப்பியவைதான் என் கவலை.

வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு, சில ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்துவிடும். முப்பது ஆண்டுகள்கூட வாழும். தொட்டித் தண்ணீர் நாறத் தொடங்கியதும், கொல்ல மனமில்லாதவர்கள் அதைக் கோயில் குளத்திலோ ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். வேறு எங்கே கொடுப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த இந்த ஆமை, உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. போன இடத்திலெல்லாம் உள்ளூர் ஆமைகளோடு இரைக்கும் வெயில் காயும் இடத்துக்கும் போட்டியிடுகிறது. நம் குளங்களின் பாலாமையும் காராமையும் இதைத் தாங்குமா?

பாலாமையை வீட்டில் வளர்ப்பது குற்றம். நல்ல சட்டம்தான். ஆனால் அந்தக் கண்டிப்பு இல்லாத வெளிநாட்டு ஆமையின் பக்கம் வணிகம் சாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, அந்த ஓட்டையை அடைக்க உதவும் 62ஏ பிரிவைச் சேர்த்தீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. அயல் ஊடுருவல் உயிரினங்களின் இறக்குமதி, வணிகம், வைத்திருத்தல், பெருகுதல் ஆகியவற்றை அறிவிக்கை மூலம் தடுக்க அது உங்களுக்கு அதிகாரம் தருகிறது.

அந்த அதிகாரத்தை இந்த ஆமையின் மீது பயன்படுத்தும்போது இறக்குமதியையும் விற்பனையையும் முழுமையாகத் தடை செய்யுங்கள். வைத்திருப்பதை மட்டும் ஒரே இரவில் குற்றமாக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால், வழக்குக்குப் பயந்து வீட்டுத் தொட்டிகளில் இருப்பவை எல்லாம் மறுநாளே அடையாற்றுக்கு வந்து சேரும். ஜப்பான் இதை யோசித்திருக்கிறது. 2023 ஜூனில் அங்கே இறக்குமதி, விற்பனை, வெளியில் விடுதல் மூன்றையும் தடை செய்தார்கள். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் தொடர்ந்து வளர்க்கலாம், இலவசமாக இன்னொருவருக்குக் கொடுக்கலாம். ஐரோப்பா 1997-இல் சிவப்புக் காது ஆமையின் இறக்குமதியை மட்டும் தடுத்தபோது, வணிகர்கள் அதன் நெருங்கிய உறவான மஞ்சள் வயிற்று ஆமையைக் கொண்டுவந்தார்கள். ஆகவே ஒரு பெயரோடு நிறுத்தாமல், நெருங்கிய இனங்களையும் சேர்த்தே அறிவியுங்கள்.

உள்ளே நுழைந்த பிறகு தடை எவ்வளவு கடினம் என்பதற்கு ஆப்பிரிக்கக் கெளுத்தி சாட்சி. 2000-இல் அதன் வளர்ப்பைத் தடை செய்தும், இன்றளவும் மாவட்ட ஆட்சியர்கள் எச்சரிக்கை விடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் புரண்டு வந்தபோது ஏரி எது, ஆறு எது, தெரு எது என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. அப்படி இன்னொரு வெள்ளம் வந்தால் ஒரு குளத்து ஆமை ஊர் முழுவதற்கும் சொந்தமாகிவிடும்.

தேசியப் பல்லுயிர் ஆணையம் இங்கே தரமணியில்தான் இருக்கிறது. அதன் வல்லுநர்களையும் மாநில வனத்துறையையும் கலந்து, கிண்டியிலோ வண்டலூரிலோ ஓர் ஒப்படைப்பு மையம் திறக்க ஏற்பாடு செய்யுங்கள். ஆமையைக் கொண்டுவருபவரிடம் எங்கே வாங்கினீர்கள் என்று மிரட்டாமல் பெற்றுக்கொள்ளும் இடமாக அது இருக்கட்டும். அறிவிக்கை வெளியாகும் நாளிலேயே அந்த மையத்தின் முகவரியும் தமிழில் வெளியாக வேண்டும்.

இப்படிக்கு,
அடையாறுவாசி ஒருவர்