விசிறி வேண்டாம், குச்சி போதும்

'எல்லாத்துக்கும்தான் ஸாஃப்ட்வேர் வந்தாச்சே, இதைப் போய் யாராவது ஸால்டர் பண்ணிக்கிட்டு இருப்பாங்களா?' என்று கேட்கிறவர்களிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. இதைப் பொதுஜனம் கேட்டால் பரவாயில்லை. மாடுலர் ஸின்தஸைஸர் வைத்திருக்கும் இளைஞர்களே கேட்கிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

மாடுலர் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. ஆஸிலேட்டர், ஃபில்டர், ஆம்ப்ளிஃபயர் என்று தனித்தனிச் சில்லுப் பெட்டிகளாக வாங்கி, ஒயர்களைச் செருகிச் செருகி ஒலி உண்டாக்கும் வாத்தியம் அது. ஒயரில் ஓடுவது வெறும் வோல்டேஜ். அந்த வோல்டேஜ்தான் சுருதியை ஏற்றும், இறக்கும், சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். இப்போது அறையின் நாலு மூலையிலும் ஒரு ஸ்பீக்கர் வையுங்கள். ஒலியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்த வேண்டும். என்ன செய்வீர்கள்?

பலர் செய்வது இது. மெதுவாக ஏறி இறங்கும் இரண்டு அலைகளை 90 டிகிரி தள்ளி ஓட விடுவார்கள். ஒன்று இடம்-வலம், இன்னொன்று முன்-பின். ஒலி தானாக வட்டமடிக்கும். முதல் நிமிஷம் 'அட!' என்பீர்கள். மூன்றாவது நிமிஷம் அது சீலிங் ஃபேன். அடுத்து எங்கே போகும் என்று உங்கள் காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அதற்குப் பெயர் இசையா, சொல்லுங்கள்?

இதைக் கையால் செய்ய வேண்டும் என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. 1951-ல் பாரீஸில் பியர் ஷேஃபர், கையில் சின்னக் கம்பிச்சுருளைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்ற பெரிய வளையங்களுக்கு நடுவே அதை அசைத்து, மேடையிலேயே ஒலியை ஸ்பீக்கர் விட்டு ஸ்பீக்கர் தாவ வைத்தார். அப்புறம் ஜெர்மனியில் ஸ்டாக்ஹவுசன். 1960-ல் அரங்கேறிய 'கொன்டாக்டே'வுக்காக, ஸ்பீக்கர் ஒன்றைச் சுழலும் மேஜையில் வைத்தார். சுற்றிலும் நாலு மைக். மேஜையை மோட்டார் சுற்றவில்லை, மனுஷக் கை சுற்றியது. மாவாட்டுகிற மாதிரி!

1967 மே மாதம் லண்டன் குயீன் எலிஸபெத் ஹாலில் பிங்க் ஃப்ளாய்ட் கொண்டுவந்தது இன்னும் அழகு. அபே ரோடு ஸ்டுடியோவின் எஞ்சினியர் பெர்னார்ட் ஸ்பைட் செய்து கொடுத்த 'அஸிமத் கோஆர்டினேட்டர்'. பெட்டியின் மேல் குச்சி. குச்சியை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒலி அந்தப் பக்கம் போகும். உள்ளே 270 டிகிரி திரும்புகிற பொட்டென்ஷியோமீட்டர்களை 90 டிகிரிக்கே வேலை செய்யும்படி மாற்றியிருந்தார். ரிச்சர்ட் ரைட் கீபோர்டும் வாசித்து, இதையும் வாசித்தார். 'வாசித்தார்' என்றுதான் சொல்ல வேண்டும். கச்சேரி முடிந்ததும் யாரோ பெட்டியை லவட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ரசிகரோ, திருடரோ, விஷயம் தெரிந்த ஆள். மறுபடி செய்த பெட்டி இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூஸியத்தின் சொத்து.

'நாலு ஸ்பீக்கர் சமாசாரம் எழுபதுகளிலேயே செத்துப்போச்சே ஸார்' என்பார்கள். செத்தது இசைத்தட்டு வியாபாரம். ஸிபிஎஸ் ஒரு முறை, ஸான்ஸுய் ஒரு முறை, ஜேவிஸி ஒரு முறை என்று ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் அடித்துக்கொண்டார்கள். வாங்குகிறவன் வெறுத்துப் போனான். அதற்கு நாலு மூலைகள் என்ன பாவம் செய்தன?

சரி, செய்வது எப்படி? ரிச்சி தெருவில் காபி-டிபன் செலவுக்கு ஒரு தம்ப்ஸ்டிக் கிடைக்கும். உள்ளே இரண்டு பொட்டென்ஷியோமீட்டர், எக்ஸுக்கு ஒன்று, ஒய்க்கு ஒன்று. முதல் வில்லங்கம் இங்கேயே. குச்சி முழுக்கச் சாய்ந்தாலும் பல ஜாய்ஸ்டிக்குகளில் பொட்டென்ஷியோமீட்டர் கொஞ்ச தூரம்தான் திரும்பும். வருகிற வோல்டேஜும் அதே அளவு குறுகும். ஒரு ஆப்-ஆம்ப் போட்டு, நடுப்புள்ளியை நகர்த்தி, இழுத்துப் பெரிதாக்க வேண்டும். டி.எல். 074 ஒன்றில் நாலு ஆப்-ஆம்ப் உண்டு. ஒலியைக் கட்டுப்படுத்த நாலு ஆம்ப்ளிஃபயர் வேண்டும், எல்.எம். 13700 சில்லில் இரண்டிரண்டாக வருகிறது, ஆகவே இரண்டு சில்லு.

இரண்டாவது வில்லங்கம்தான் சுவாரஸ்யம். எளிய கணக்குப்படி குச்சி நடுவில் நிற்கும்போது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கால் பங்கு. நாலு கால் ஒன்று, சரிதானே? இல்லை. சக்தி என்பது வோல்டேஜின் வர்க்கம். கால் இன்ட்டு கால், பதினாறில் ஒன்று. அப்படி நாலு சேர்ந்தால் மொத்தமே கால். 6 டெசிபல் அவுட். மூலையில் கம்பீரமாக இருந்த ஒலி, அறையின் நடுவுக்கு வந்ததும் மாமியார் முன்னால் மருமகள் மாதிரி அடங்கிப் போகும். நடுவில் ஒவ்வொன்றுக்கும் பாதி கிடைக்கும்படி வளைவைத் திருத்தினால் சரியாகிவிடும். இதை ஸாஃப்ட்வேர் உங்களுக்குச் சொல்லாமலே செய்துவிடும். அதனால்தான் அதை நம்பியவர்களுக்கு ஒலி ஏன் நடுவில் நிற்கிறது என்பதே தெரியவில்லை. மவுஸைப் பிடித்து ஒரு கோடு வரைந்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் அதே ஒலியைக் கேட்கிறார்கள். பாட்டு கேட்டுக் கை தயங்குவது, திடீரென்று ஒரு வெட்டு வெட்டுவது, இதெல்லாம் அந்தக் கோட்டில் எப்படி ஐயா வரும்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நாலு ஸ்பீக்கரில் காது எல்லா இடத்திலும் ஏமாறுவதில்லை. முன்னால் இரண்டுக்கும் நடுவே ஒலி மிதக்கும். பக்கவாட்டில், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே நிறுத்தப் பார்த்தால் வழுக்கும். மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மூலைதான் உலகம். மென்பொருளுக்கும் இதே கதிதான்.

செய்து முடித்ததும் குச்சியிலிருக்கும் ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிடுங்கள். வீடியோ கேமுக்குத்தான் அது நடுவுக்குத் திரும்ப வேண்டும். உங்களுக்கு விட்ட இடத்தில் நிற்க வேண்டும். சோதிக்க நீளமான 'ஊ' வேண்டாம், அது எங்கிருந்து வருகிறதென்று காது குழம்பும். கடுகு தாளிக்கிற மாதிரி படபடக்கும் இரைச்சலை விடுங்கள். நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்து, குச்சியை வீட்டில் ஒரு வாண்டு கையில் கொடுத்து, ஒலி போகும் திசையில் விரலை நீட்டிக்கொண்டே வாருங்கள்.