பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் ஆள்

இந்த வாரமும் ஒரு திறப்பு விழாப் படம். மலைக்கிராமம் ஒன்றுக்கு சூரிய மின்சாரம் வந்துவிட்டதாம். படத்தில் கிராமம் இல்லை. சால்வை போர்த்தியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், நடுவில் பளபளவென்று ஒரு கறுப்புக் கல்வெட்டு. கல்வெட்டைப் பார்த்தால் எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வரும் என்பது இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். நிழற்குடைக் கல்வெட்டு, கழிப்பறைக் கல்வெட்டு, மேல்நிலைத் தொட்டிக் கல்வெட்டு எல்லாவற்றையும் திட்டித் தீர்த்தாயிற்று. சூரியன்தான் பாக்கி.

திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், ஒப்பந்ததாரர் என்று அதில் எல்லார் பெயரும் இருக்கும். பேட்டரி செத்துப்போனால் யாரைக் கூப்பிடுவது என்பது மட்டும் இருக்காது.

சோலார் பேனல் பாவம், சாது. தூசியைத் துடைத்துவிட்டால் 25 வருடம் உழைக்கும். தொல்லையெல்லாம் பேட்டரியில். இன்வெர்ட்டர் வைத்திருக்கும் எந்த வீட்டிலும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது யார் வேலை என்று ஒரு சண்டை நிலுவையில் இருக்கும். தண்ணீர் வற்றி உள்ளே தகடு தெரிய ஆரம்பித்தால் கதை முடிந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டாலே ஈய பேட்டரிக்கு நாலைந்து வருடம்தான் ஆயுள். தினமும் ராத்திரி கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினால் அதுவும் இல்லை. நகரத்தில் கடைக்காரர் பழையதை எடுத்துக்கொண்டு புதியதை மாட்டிவிட்டுப் போகிறார். மலைமேல் அதைத் தலைச்சுமையாக ஏற்ற வேண்டும். அதற்கு முன் காசு வேண்டும்.

பீகாரில் ஜெகானாபாத் மாவட்டத்துத் தர்னாய் இதில் பேர்போன ஊர். 30 வருடமாக இருட்டில் கிடந்த கிராமத்தில், 2014இல் கிரீன்பீஸும் கூட்டாளி அமைப்புகளும் 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் கட்டின. சுமார் 450 வீடுகள், கடைகள், பள்ளி, தெருவிளக்கு, தண்ணீர் பம்பு எல்லாம் அதில் ஓடின. நிதிஷ் குமார் வந்தபோது ஊர்க்காரர்கள், ‘எங்களுக்கு அசல் மின்சாரம் வேண்டும்’ என்று கேட்டார்கள். ஃபிரிட்ஜ் போடக்கூடாது, விலையும் கூடுதல் என்றால் கேட்கத்தானே செய்வார்கள்? நமக்கு மிக்சி, கிரைண்டர். அவர்களுக்கு இரண்டு பல்பும் ஒரு ஃபேனும் போதும் என்று அளந்தது யார்? சீக்கிரமே அரசின் மின்கம்பி வந்தது. பேட்டரிகள் ஓய்ந்தன, யாரும் மாற்றவில்லை. மின்நிலையத்தில் மாடு கட்டிவிட்டார்கள் என்று பிற்பாடு செய்தி வந்தது. மாட்டுக்காவது உதவியதே.

கம்பி வரவே வராத ஊர்களும் இருக்கின்றன. அங்கே யார் இருந்து பார்த்துக்கொள்வது? இதற்கு எனக்குத் தெரிந்த உருப்படியான பதில் ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில் கிடைத்தது. 1972இல் பங்கர் ராய் தொடங்கிய பேர்ஃபுட் காலேஜ் அங்கே இருக்கிறது. ஆப்பிரிக்காவின் குக்கிராமங்களிலிருந்து பாட்டிகளை வரவழைத்து, ஆறு மாதம் வைத்திருந்து, சோலார் விளக்கு செய்யவும் பழுது பார்க்கவும் பழக்கி அனுப்புகிறார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆசிரியர் பேசும் பாஷையும் புரியாது. கைச்சாடையும் வண்ணக் குறிகளும்தான் பாடம். பேரன் பேத்தி எடுத்தவர்கள் சால்டரிங் கோலும் கையுமாக உட்கார்ந்திருக்கும் படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எந்த அமைச்சர் படத்துக்கும் ஈடாகாது.

ஏன் பாட்டிகள்? இளைஞன் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்தால் மறுநாளே பட்டணத்துக்கு பஸ் ஏறிவிடுவான் என்கிறார் ராய். அதனால் அங்கே சான்றிதழே கிடையாது. பாட்டி எங்கே போவாள்?

கிராமமும் சும்மா இல்லை. மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவத்திக்கும் டார்ச் செல்லுக்கும் மாதாமாதம் கரைந்த காசைக் கணக்குப் பார்த்து, அதையொட்டி வீட்டுக்கு இவ்வளவு என்று கமிட்டி வசூலிக்கிறது. பாட்டிக்குச் சம்பளம் அதிலிருந்து. உதிரி பாகம், பேட்டரி எல்லாம் அதிலிருந்துதான். வசூல் நின்றால் பாட்டியும் விறகு பொறுக்கத்தான் போக வேண்டும். அவளைத் தியாகத் திருவுருவம் ஆக்கிவிடக் கூடாது. ஆனால் நாலு வருடம் சேர்ந்த பேட்டரிப் பணத்தை, ‘சும்மா ஒரு கைமாத்து’ என்று கேட்டு வரும் ஊர்ப் பெரியவரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்ப, பொறியியல் படித்த பையனைவிட அவள்தான் லாயக்கு.