சொல்லும் பொருளும்: ‘நேஸல்’

ஆங்கிலத்தில் ‘நேஸல்’ என்றொரு சொல் உண்டு. மூக்கைக் குறிக்கும் ‘நாஸுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. ‘மூக்கைச் சார்ந்த’ என்பதே அதன் நேர்ப்பொருள். மூக்கில் விடும் சொட்டு மருந்துப் புட்டியின் மீது ‘நேஸல் டிராப்ஸ்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஐயத்திற்கு இடமில்லை. ஒருவருடைய குரலை ‘நேஸல்’ என்று சொல்லும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

சளி பிடித்தவர் பேசினால், ‘மூக்கால் பேசுகிறார்’ என்கிறோம். சற்றே சிந்தித்துப் பாருங்கள். அவர் ‘மாமா’ என்று அழைத்தால் ‘பாபா’ என்பது போலக் கேட்கிறது. மூக்கின் வழியே காற்று செல்ல இயலாமையே இதற்குக் காரணம். ஆக, நாம் மூக்கால் பேசுவதாகச் சொல்லும் அந்த மனிதர், உண்மையில் மூக்கு ஒத்துழைக்காமல் பேசுகிறார்!

நம் வாயின் மேற்கூரைக்கு அண்ணம் என்று பெயர். அதன் பின்பகுதி மென்மையானது; உண்ணாக்கு தொங்குவது அதன் முனையில்தான். இம்மென்மையான பகுதி ஒரு கதவைப் போல இயங்குகிறது. ‘ப’, ‘த’, ‘க’ என்னும்போது மேலெழுந்து மூக்கின் வழியை அடைக்கிறது. ‘ம’, ‘ந’ என்னும்போது தாழ்ந்து வழிவிடுகிறது. மெல்லின எழுத்துகளுக்கு இடம் மூக்கு என்று நன்னூலார் வகுத்ததும் இதனால்தான். நம் மொழியில் மெல்லினம் ஆறு. ஆங்கிலத்தில் மூக்கொலிகள் ம், ன், ங் என மூன்றே.

அவற்றுள் ‘ங்’ ஒலியில்தான் நம்மவர் பலரும் இடறுகின்றனர். பாடுபவரைக் குறிக்கும் ‘சிங்கர்’, விரலைக் குறிக்கும் ‘ஃபிங்கர்’ ஆகிய இரண்டையும் நாம் ஒன்றுபோலவே ஒலிக்கிறோம். விரலுக்குரிய சொல்லில் ககர ஒலி உண்டு. பாடகருக்குரிய சொல்லிலோ அது இல்லை. ‘சிங்’ என்று மூக்கொலியில் நிறுத்தி, அதனோடு ‘அர்’ என்பதைச் சேர்த்தால் போதும். துணி மாட்டும் ‘ஹேங்கர்’ என்பதும் இவ்வாறே. தமிழில் ‘ங்’ என்பதை அடுத்துப் பெரும்பாலும் ககரமே வருவதால், நம் நாக்கு அதைத் தானாகவே சேர்த்துக்கொள்கிறது.

மூக்கொலியின் அருமையை நம் இல்லத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதற்கு முன்பே அறிந்துகொள்கிறார்கள். திருக்குர்ஆன் ஓதப் பயிலும் சிறுவனுக்கு உஸ்தாத் ‘குன்னா’வைக் கற்பிக்கிறார் அல்லவா? ‘இன்ன’ என்னும் சொல்லில் ஷத்து பெற்ற நூனையும், ‘ஸும்ம’ என்னும் சொல்லில் ஷத்து பெற்ற மீமையும் மூக்கின் உள்ளிருந்து இசைத்து, இரண்டு ஹரகத்து அளவு நீட்டி ஓத வேண்டும் என்பது தஜ்வீத் விதி. ஆங்கில இலக்கணத்தார் ‘நேஸல்’ என்று அழைக்கும் ஒலி இதுவேதான். எனவே இச்சொல்லில் இழிவு ஏதுமில்லை. இடத்திற்கேற்ப அமையும் மூக்கொலி மொழிக்கு அழகே.

இச்சொல்லின் அருகில் வரும் மற்றொரு சொல் ‘ட்வேங்’. வில்லின் நாணை இழுத்து விட்டால் அதிர்ந்தெழும் ஓசையைக் குறிக்கப் பிறந்த சொல் அது. பின்னர் மூக்கின் அதிர்வு கலந்த பேச்சையும் குறிக்கலாயிற்று. அமெரிக்கத் தென்மாநில மக்களின் பேச்சு நடையை வருணிப்போர் இதனை மிகுதியும் கையாள்வர். ஒரு வட்டாரத்தின் பேச்சு நடைக்கு இது பொருந்தும்; ஆயினும் சில வேளைகளில் ஏளனத் தொனியும் இதில் ஏறிவிடும். ஆகவே ஒருவரை நேரில் வைத்துக்கொண்டு இச்சொல்லைப் பயன்படுத்துவதில் கவனம் தேவை.

பெற்றோரே! இங்கேதான் நீங்கள் உற்று நோக்க வேண்டிய செய்தி ஒன்றுள்ளது. ‘மூக்கால் பேசுகிறான்’ என்று வீட்டில் உள்ளோரே பிள்ளையைக் கேலி செய்வதுண்டு. அக்கேலிக்குப் பின்னால் குறை ஒன்று மறைந்திருக்கலாம். எளிய சோதனை ஒன்று சொல்கிறோம். பிள்ளையை ‘மாமா, நானா’ என்று சொல்லச் செய்யுங்கள். சளி இல்லாத நாளிலும் அது அடைத்தாற்போலவே ஒலித்தால், மூக்கின் பின்புறம் அடினாய்டு சதை வளர்ந்து வழியை மறித்திருக்கலாம். அடுத்து ‘பாப்பா, தாத்தா’ என்று இரு முறை சொல்லச் செய்யுங்கள். இரண்டாம் முறை அதன் மூக்கை மெல்லப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒலி மாறக் கூடாது. மாறுமாயின், அடைபட வேண்டிய காற்று மூக்கின் வழியே கசிகிறது என்று கருத இடமுண்டு. வெளியே தெரியாத அண்ணப்பிளவும் அதற்குக் காரணமாகலாம்.

முன்னதை மருத்துவர்கள் ‘ஹைப்போநேஸல்’ என்றும், பின்னதை ‘ஹைப்பர்நேஸல்’ என்றும் பிரித்துரைப்பர். முன்னது குறைவு, பின்னது மிகுதி. வீட்டுச் சோதனை ஐயத்தை எழுப்பும் அளவுக்கே உதவும். முடிவு கூற வேண்டியவர் காது, மூக்கு, தொண்டை மருத்துவரே. மருந்து, அறுவை, பேச்சுப் பயிற்சி எனக் காரணத்திற்கேற்ற வழிகள் இருக்கின்றன. காலம் தாழ்த்தினால் தவறான ஒலிப்பே பழக்கமாகிவிடும். பள்ளியில் வாய் திறக்கவே அப்பிள்ளை கூசும்.

‘நேஸல்’ என்னும் சொல் மூக்கின் இயல்பைச் சொல்வது. ஆளின் தகுதியைச் சொல்வதன்று. அதைக் கொண்டு பிள்ளையின் குறையை மருத்துவரிடம் எடுத்துரையுங்கள். பட்டப்பெயராக்கி அப்பிள்ளையின் மீதே எறியாதீர்கள்.