உக்காத ஓடும் உக்கிய பலகையும்

யாழ்ப்பாணக் கரையோரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் பனையடியிலோ வேலிக்கரையிலோ பழைய ஃபைபர் போட் ஒன்றிரண்டு கிடக்கும். பெயின்ற் உரிந்து, இலக்கம் அழிந்து, உள்ளே மழைத்தண்ணீர் தேங்கி நுளம்பு வளர்க்கும். மரவள்ளமென்றால் இவ்வளவு காலத்தில் விறகாகியிருக்கும். ஃபைபருக்கு அந்தக் கதி இல்லை. எரித்தால் எழும் கரும்புகைக்கு அயலட்டையெல்லாம் சண்டைக்கு வரும். உருக்கி இன்னொன்று வார்க்கவும் ஏலாது. பொலியெஸ்ரர் ரெசின் ஒருமுறை இறுகினால் இறுகினதுதான். அமெரிக்காவில் ரே கிரீன் என்பவர் கண்ணாடியிழையையும் இந்த ரெசினையும் சேர்த்துப் படகு வார்த்தது 1942இல். அதற்குப் பிறகு வந்த சாமான்தான் எல்லாம். ஆகவே ஃபைபர் போட்டின் இயற்கை ஆயுள் எவ்வளவு என்று இன்னும் ஒருத்தரும் முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை.

அப்படிக் கிடந்த ஒன்றை நான் வாங்கினேன். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை என்று வீட்டில் கேட்ட கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. பின்னேரங்களில் பரவைக்கடலில் தூண்டில் போடலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பதினெட்டு அடி நீளம். உள்ளே வெளிறிய நீலம். “காரைநகர் வார்ப்பு, சீநோர் போட்” என்று சொல்லித்தான் விற்றவர் விலையை ஏற்றினார். இந்தத் தலைமுறைக்குச் சீநோர் என்றால் என்னவென்று சொல்லவேண்டியிருக்கிறது. ஆர்ன ஃபியோர்டொஃப்ட் என்ற நோர்வேக்காரர், பத்திரிகையாளர், பின்னாளில் தன் நாட்டில் ஒரு கட்சிக்கே தலைவராக இருந்தவர், 1960களின் பிற்பகுதியில் முன்னின்று தொடங்கிய மீன்பிடித் திட்டம் அது. காரைநகரில் படகு கட்டினார்கள், குருநகரில் வலை பின்னினார்கள். யுத்தம் வந்து எல்லாவற்றையும் முடக்கும்வரை எங்கள் பெடியள் பலருக்கு அங்கே வேலை இருந்தது. என் போட் உண்மையில் அங்கே வார்த்ததுதானா என்பதற்கு விற்றவருடைய வாயைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. இருந்தாலும் ஓட்டின் தடிப்பைப் பார்த்த எவரும் அதை மறுத்துப் பேசவில்லை. இந்தக் காலத்து மலிவு வார்ப்புகளில் விரலால் அழுத்தினால் நெளிகிற இடங்களில் இது அசையாமல் நிற்கிறது.

கனடாவில் இருக்கும் மச்சானுக்குப் படம் அனுப்பினேன். “அத்தான், இங்க இதுக்கு வின்ரேஜ் எண்டு பேர், சங்கம் வைச்சுத் திருத்துறாங்கள்” என்று எழுதினான். கூடவே பொஸ்ரன் வேலர் என்ற படகின் கதையையும் அனுப்பியிருந்தான். டிக் ஃபிஷர் என்பவர் 1958இல் சந்தைக்குக் கொண்டுவந்த பதின்மூன்றடிப் படகு. இரண்டு ஃபைபர் ஓடுகளுக்கு நடுவே நுரையை நிரப்பிச் செய்தது. 1961இல் லைஃப் சஞ்சிகையில் ஒரு படத்தொடர் வந்தது: ஃபிஷர் படகுக்குள் கோட்டும் தொப்பியுமாக இருக்க, அந்தப் படகை நடுவால் வாள் கொண்டு அறுக்கிறார்கள், இரண்டு பாதியும் தாழாமல் மிதக்கின்றன. நல்ல விளம்பரம்தான். ஆனால் அதே நுரை பழசானதும் ஒரு வெடிப்பு வழியே தண்ணீரை உறிஞ்சத் தொடங்கினால், அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. எங்கள் போட்டில் அந்த நுட்பம் எதுவும் இல்லை. ஒற்றை ஓடு, குறுக்கே சில விலா, அவ்வளவுதான். பழுது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். இதைத்தான் நான் கூடிய கெட்டித்தனம் என்பேன்.

கண்ணுக்குத் தெரியாத ஒரேயோர் இடம் எஞ்சின் கொழுவும் பின்பலகை. வெளியே பார்த்தால் அதுவும் ஃபைபர்தான். உள்ளே இருப்பது ஒட்டுப்பலகை. எஞ்சினின் பாரமும் அது தள்ளுகிற விசையும் அந்தப் பலகையில்தான் இறங்குகின்றன. போல்ற் இறுக்க யாரோ எந்தக் காலத்திலோ போட்ட துவாரங்களின் வழியே உப்புத்தண்ணீரும் மழைத்தண்ணீரும் கசிந்து உள்ளே போகும். போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. மேலே ஓடு பளபளக்க, உள்ளே பலகை உக்கும்.

குருநகரில் எஞ்சின் திருத்தும் ஓர் அண்ணையைக் கூட்டி வந்தேன். அறுபதைத் தாண்டியவர். போட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார்; எஞ்சினை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துப் பின்பலகையைத் தட்டத் தொடங்கினார். மேலே தட்டியபோது கணீரென்றது. கீழே வர வர ஒலி செத்துப்போனது.

“மாஸ்ரர், எஞ்சினைப் பிறகு பாப்பம். இதில கொழுவினா எஞ்சினும் பலகையும் சேந்து கடலுக்கதான் கிடக்கும்.”

உட்பக்க ஓட்டைக் கிரைண்டரால் வெட்டித் திறந்தபோது, பலகை இருந்த இடத்தில் கறுத்த ஈரச் சக்கைதான் இருந்தது. கரண்டியால் வழித்து எடுத்தோம். புதிதாக மரைன் பிளைவூட் வெட்டி, அதன் விளிம்புகளுக்கெல்லாம் ரெசின் குடிக்கக் கொடுத்து, உள்ளே வைத்து இறுக்கி, மேலே கண்ணாடியிழைப் பாயும் நெய்த கண்ணாடித் துணியும் மாறி மாறிப் போட்டு மூடினோம்.

இதில் நான் கற்றுக்கொண்ட விசயம் ஒன்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். இறுகிப்போன பழைய ரெசினோடு புது ரெசின் உருகி ஒன்றாகாது. பழையதன் முகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அதனால் பழைய பெயின்ற், மெழுகு, எண்ணெய்ப் பசை எல்லாம் போய் இழை தெரியும்வரை தேய்க்கவேண்டும். வெடிப்பைத் திருத்துவதென்றால் வெடிப்பின் அகலத்துக்கு மட்டும் ஒட்டுப் போட்டுப் பயனில்லை. ஓட்டின் தடிப்பைப்போல் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்துக்கொண்டு போய், அந்தச் சரிவு முழுக்கப் புது இழையைப் படுக்கவைக்கவேண்டும். கரையோரங்களில் அவசரத்துக்கு ஒட்டுகிற ஒட்டுகள் அடுத்த சோளகத்தில் கழன்று போவதன் காரணம் இதுதான். ரெசின் கூடாததல்ல, தேய்ப்புப் போதாது. தேய்க்கிற வேலையோ பொல்லாதது. கண்ணாடித் தூசு கழுத்துக்குள் இறங்கினால் இரவு முழுக்கச் சொறிச்சல். மூக்குக்கு நல்ல கவசம் இல்லாமல் அந்தக் கிரைண்டரைத் தொடவே கூடாது.

எங்கள் வெயிலும் ரெசினோடு பகை. இறுக்கும் மருந்தை நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ என்ற அளவில்தான் விடுவது. நடுப்பகலில் அந்த அளவை விட்டால் தூரிகையை எடுப்பதற்குள் வாளிக்குள்ளேயே சூடேறி, கட்டிபட்டு, புகையும் வரும். விடியற்காலையில், வெயில் ஏறுமுன் செய்யவேண்டும். இன்னொன்று: இறுக்கும் மருந்தையும், அதைத் தூண்டுகிற கோபால்ற் கரைசலையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக்கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஒன்றை ரெசினில் கலக்கி முடித்த பிறகுதான் மற்றது.

அடிப்பாகத்தில் குமிழ் எதுவும் இல்லை. வருடக்கணக்காகத் தண்ணீரிலேயே கட்டிக்கிடக்கும் படகுகளுக்கு வரும் வருத்தம் அது. எங்கள் போட்டுகளைக் கரையில் இழுத்து ஏற்றுவதால் அவற்றுக்கு வேறு வருத்தம். மணல் அடியைத் தின்றுவிடும். நடு அடியில் சில இடங்களில் இழையே வெளியில் தெரிந்தது. அதற்கும் பாய் போட்டு மூடியாயிற்று.

இனி எஞ்சின். இரண்டு சிலிண்டர், 15 குதிரைவலு, ஜப்பான் தயாரிப்பு, மண்ணெண்ணெயில் ஓடுவது. படகின் பின்னால் கொழுவுகிற எஞ்சினை ஓல் எவின்ரூட் என்ற அமெரிக்க நோர்வேக்காரர் 1909இல் விற்கத் தொடங்கினார். அது ஒன்றரைக் குதிரைவலு, 62 இறாத்தல் இரும்பு. படகும் நோர்வேத் தொடுப்பு, எஞ்சினின் பூட்டனும் நோர்வேத் தொடுப்பு என்று எனக்கு ஒரு சின்னச் சந்தோசம். ஆனால் மண்ணெண்ணெய் எஞ்சின் வேறொரு சாதி. பணக்கார நாடுகளின் ஏரிகளில் அதைக் காண்பது அரிது. பெற்றோல் வாங்கக் கட்டாத கரைகளுக்கென்றே செய்தது.

அண்ணை எஞ்சினைக் கழற்றி மேசையில் பரப்பியபோது எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தின் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலைச் சில துளி காபரேற்றருக்குள் விட்டு உதைப்போம். பிடித்தவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பள்ளிக்கூடத்துக்கு நான் போய்வந்ததே அப்படித்தான். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. அப்படிச் செய்தால்தான் வண்டி ஓடியது.

ஏன் என்பதை இந்த எஞ்சின்தான் சொல்லித் தந்தது. சிலிண்டருக்குள் எரிவது திரவமல்ல, அதன் ஆவி. பெற்றோல் பனிக்குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும்; மண்ணெண்ணெய்க்கு 38 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது ஈரமாகவே உள்ளே போய் பிளக்கை நனைத்துவிடும். ஆகவே பெற்றோலில் தொடங்கி, எஞ்சின் சூடேறியதும் குழாய்த் திறப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். கரை திரும்பும்போது மறுபடி பெற்றோல். காபரேற்றரில் கிடக்கும் மண்ணெண்ணெய் முழுக்க எரிந்து முடியாமல் நிறுத்தினால், அடுத்தநாள் கயிற்றை இழுத்துத் தோள்மூட்டுத்தான் கழலும். இன்னொரு பக்கம், மண்ணெண்ணெயை அதிகம் அமுக்கினால் நெருப்புப்பொறி மூட்டிய சுவாலை வந்து சேருமுன்னே தானாக வெடித்துப் பிஸ்டனைத் தட்டும். அதற்காக இந்த எஞ்சின்களில் அமுக்கத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். அதற்குக் கொடுக்கிற விலை வலுவில் ஒரு பங்கு. அதே பருமனில் பெற்றோல் எஞ்சின் இதைவிட விசையாய் இழுக்கும்.

இரண்டு ஸ்ரோக் எஞ்சினில் ஓயிலுக்கென்று தனித்தொட்டி அடியில் இல்லை. எரிபொருளில் கலந்த ஓயில்தான் போகிற வழியெல்லாம் தடவிக்கொண்டு போகிறது. காற்றும் எரிபொருளும் முதலில் கிராங்க் அறைக்குள் வந்து, அங்கே அமுங்கி, பிறகுதான் மேலே ஏறும். அந்த அறையின் சீல் கசிந்தால் வெறுங்காற்று உள்ளே வரும், கலவை மெலியும், பிஸ்டன் சூடேறி இறுகும். “ஓயில் குறைஞ்சு இறுகினதெண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். பாதி சீல் போய் இறுகினதுதான்” என்றார் அண்ணை. இரண்டு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளந்தோம். ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. அதன் பிறகுதான் அவர் முகத்தில் ஒரு சிரிப்பைக் கண்டேன்.

உண்மையான சண்டை உப்போடுதான் நடந்தது. எஞ்சின் தன்னைக் குளிராக்கக் கடல்தண்ணீரையே உறிஞ்சுகிறது. அதை ஏற்றுவது அடியில் இருக்கும் ஒரு சின்ன இறப்பர்ச் சக்கரம். அதன் இதழ்கள் வெடித்திருந்தன. தண்ணீர் ஓடும் வழிகளில் உப்பு கல்லாய் இறுகிக் கிடந்தது. துருப்பிடிக்காத உருக்குப் போல்ற்றுகள் அலுமினியத்தோடு ஒட்டிப்போயிருந்தன. சூடுகாட்டி, எண்ணெய் விட்டு, ஒருநாள் ஆறவிட்டு, மறுபடி சூடுகாட்டித்தான் ஒவ்வொன்றாய்க் கழன்றது. ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரால் கழுவவேண்டும் என்கிறது புத்தகம். எங்கள் பக்கத்துக் கிணறுகளின் உவரைப் புத்தகம் எழுதியவர் குடித்துப் பார்த்திருக்க மாட்டார்.

அண்ணை தொழில் பழகிய இடம் கிளாலிக்கரை. யுத்தத்தில் ஆனையிறவுப் பாதை மூடியிருந்த காலத்தில் சனம் இரவிரவாக அந்தப் பரவைக்கடலைக் கடந்தது. எஞ்சின் பூட்டிய ஒரு போட்டின் பின்னால் மற்றவற்றைத் தொடுத்து இழுப்பார்கள். கடற்படையின் சூட்டில் அந்தத் தண்ணீரில் செத்தவர்கள் பலர். நடுவில் எஞ்சின் நின்றால் என்ன என்பதை அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிளக்கைக் கழற்றிய கையோடு அடுத்த பிளக் அவர் மற்றக் கையில் இருப்பதைப் பார்த்தேன்.

பெற்றோல் எஞ்சின் ஒன்றை வாங்கிப் போடச் சொன்னவர்கள் பலர். 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாயானதிலிருந்து அவர்கள் பக்கம் நியாயம் கூடியிருக்கிறது. மலிவு எரிபொருளை நம்பிச் செய்த எஞ்சினுக்கு அந்த மலிவு போய்விட்டது. புகையும் கொஞ்சநஞ்சமல்ல, எரியாத ஓயில் தண்ணீரில் வானவில் காட்டுவதை மறைக்கப்போவதில்லை. நாளாந்தம் தொழிலுக்குப் போகிறவனென்றால் நானே மாற்றச் சொல்லுவேன். கிழமைக்கு ஒருக்கால் தூண்டிலோடு போகிறவனுக்கு இது போதும்.

இப்போது போட் ஓடுகிறது. அணியம் கொஞ்சம் கூடத் தூக்குகிறது. எஞ்சினின் சரிவை ஒரு துவாரம் மாற்றினால் சரிவரும் என்கிறார் அண்ணை. அதைவிடப் பெரிய தலையிடி கீழே. கியர்ப்பெட்டியைத் திறந்தால் ஓயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. தண்ணீர் இறங்கியிருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தோம், அச்சைச் சுற்றித் தங்கூசி இறுகிச் சீலை அறுத்திருந்தது. யாரோ கடலில் வெட்டி எறிந்த தங்கூசி. இந்த மொடலுக்குச் சீல் யாழ்ப்பாணத்தில் இல்லை. மச்சானிடம் கேட்டேன். அங்கே மண்ணெண்ணெய் எஞ்சினைக் கண்டவனே கிடையாது என்று சிரித்தான். கியர்ப்பெட்டி பெற்றோல் மொடலுக்கும் இதுதான், பாகத்தின் இலக்கத்தைப் பார்த்துத் தேடு என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.