குற்றம் சாட்டப்பட்ட நிறுவனமே நீதிபதியாக இருக்கக் கூடாது

2019 ஏப்ரலில் சிட்னியில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அதன் துணைவேந்தர் பீட்டர் ராத்ஜென் தன் பல்கலைக்கழகத்திலேயே வேலை செய்த இரண்டு பெண்களிடம் அன்று அத்துமீறி நடந்துகொண்டார். வேந்தரிடம் புகார் போனது. அவருடைய அளவிலேயே அது பேசி முடிக்கப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊழல் தடுப்பு ஆணையர் புரூஸ் லேண்டர் 2020 ஆகஸ்டில் தன் முடிவுகளை வெளியிட்டபோதுதான் அன்று நடந்தது கடுமையான ஒழுங்கீனம் என்று அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. அதற்கு ஒரு மாதம் முன்பே, உடல்நிலையைக் காரணம் காட்டி ராத்ஜென் பதவி விலகிவிட்டார்.

அதே அறிக்கை இன்னொன்றையும் வெளியே கொண்டுவந்தது. அடிலெய்டுக்கும் அதற்கு முன் டாஸ்மேனியாவுக்கும் துணைவேந்தராகப் போவதற்கு முன்னால், ராத்ஜென் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் உயர்பதவியில் இருந்தவர். அந்தக் காலத்தில் முதுநிலை மாணவி ஒருவரிடம் அவர் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தார் என்று மெல்போர்ன் பின்னாளில் விசாரித்து முடிவுக்கு வந்திருந்தது. இதைப் பற்றிக் கேட்டபோது ராத்ஜென் வேந்தரிடமும் பொய் சொன்னார், ஆணையரிடமும் பொய் சொன்னார் என்றார் லேண்டர். மெல்போர்ன் விசாரித்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த விசாரணையின் முடிவு கோப்புக்குள்ளேயே கிடந்தது. அந்த மனிதரோ ஒரு பல்கலைக்கழகத்தின் தலைமை நாற்காலியில் இருந்தார். வெளியிலிருந்து ஓர் ஆணையர், சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரத்தோடு உள்ளே வந்திராவிட்டால் அந்தக் கோப்பு இன்றும் மூடியேதான் இருந்திருக்கும்.

தன் வீட்டுக் குற்றத்தைத் தானே விசாரித்துத் தானே தீர்ப்புச் சொல்லும் உரிமை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இருக்கக் கூடாது. மறைத்ததும் தனிக் குற்றமாக எண்ணப்பட வேண்டும். அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் துணைவேந்தர். இதுவே நம் நிலைப்பாடு.

தனி மனிதர் ஒருவரின் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் சேனல் செவன் தொலைக்காட்சி 2016இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பல்கலைக்கழகங்களிடமிருந்து கணக்குப் பெற்றது. 5 ஆண்டுகளில் பாலியல் அத்துமீறல் குறித்து வந்த புகார்கள் 575. அவற்றில் 145 வன்புணர்வுப் புகார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் 6 பேர். மறு ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று, நாட்டின் 39 பல்கலைக்கழகங்களில் 30,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டறிந்த அறிக்கையை மனித உரிமை ஆணையம் வெளியிட்டது. 2016 என்ற ஒரே ஆண்டில் மாணவர்களில் பாதிப்பேர் ஏதோ ஓர் இடத்தில் பாலியல் சீண்டலுக்கு ஆளாகியிருந்தார்கள். பல்கலைக்கழகச் சூழலில் பாலியல் தாக்குதலுக்கு ஆளானவர்களில் 87 சதவீதம் பேர் முறையாகப் புகார் கொடுக்கவே இல்லை.

அந்த ஆய்வுக்கு எழுத்து வடிவில் மட்டும் 1,849 வாக்குமூலங்கள் வந்தன. தாக்கியவனோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டியிருந்ததையும், ஒரே விடுதியில் சாப்பிட வேண்டியிருந்ததையும் அவற்றில் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தட்டை எடுத்துக்கொண்டு திரும்புகிறாள் ஒரு பெண். நான்கு மேசை தள்ளி அவன், சிரித்துப் பேசியபடி. புகார் கொடுத்த மறுநாளிலிருந்து அவள் அறைக்குள்ளேயே சாப்பிடுகிறாள். வகுப்பு நேரத்தை மாற்றிக்கொள்ளும்படி அவளுக்குத்தான் சொல்லப்படுகிறது. அவனுடைய அட்டவணையில் ஒரு கோடுகூட மாறுவதில்லை. பாதிக்கப்பட்டவளைத் தண்டிப்பதற்குத் தனியாக யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை என்பதுதான் இதில் கொடுமை.

சிட்னி பல்கலைக்கழகத்தை ஒட்டிய பழைய விடுதிக் கல்லூரிகள் இந்தக் கதையில் தனி அத்தியாயம். 1850களில் தொடங்கிய செயின்ட் பால்ஸ் கல்லூரி தனிச் சட்டத்தின் கீழ் இயங்குவது. விடுதிகளின் பண்பாட்டை ஆராய எலிசபெத் பிராடெரிக் என்பவர் வெளியிலிருந்து அமர்த்தப்பட்டபோது மற்றக் கல்லூரிகள் ஒப்புக்கொண்டன. செயின்ட் பால்ஸ் முதலில் மறுத்துவிட்டது. 2017இல் அதன் மாணவர்கள் பெண்களை இழிவுபடுத்தி எழுதியது வெளியாகி, எதிர்ப்பு எழுந்த பிறகே இறங்கி வந்தது. 'அவை தனி நிறுவனங்கள், எங்கள் கையில் இல்லை' என்று பல்கலைக்கழகம் சொல்லும். 'இது எங்கள் பாரம்பரியம்' என்று கல்லூரி சொல்லும். நடுவில் நிற்கும் மாணவிக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாது.

பல்கலைக்கழகங்கள் ஒரு வாதத்தை விடாமல் சொல்கின்றன: நாங்கள் நீதிமன்றம் அல்ல, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரிமை உண்டு. இரண்டும் உண்மைதான். சிறைத்தண்டனை கொடுக்கும்படி யாரும் அவற்றிடம் கேட்கவில்லை. தேர்வில் பிறர் எழுத்தைத் திருடிய மாணவரை விசாரிக்கக் குழு அமைத்து, சான்று பார்த்து, படிப்பிலிருந்தே நீக்க இதே பல்கலைக்கழகங்களுக்குத் தெரிகிறது. கட்டுரைத் திருட்டுக்கு இருக்கும் துணிவு ஒரு பெண்ணின் உடல்மீது நடந்த தாக்குதல் என்றதும் ஏன் கரைந்துபோகிறது? தவிர, பொய்ப்புகாருக்கு யாரேனும் ஆளாகிவிடக் கூடாது என்ற கவலை உண்மையானால், விசாரணையை வெளியாரிடம் ஒப்படைப்பதே அவருக்கும் பாதுகாப்பு. நிறுவனத்தின் பெயரைக் காக்க நினைப்பவர் கையில் இரு தரப்புக்கும் நியாயம் கிடைக்காது.

அந்த நாட்டில் இப்போது சில கதவுகள் திறந்திருக்கின்றன. பாதிக்கப்பட்டவர்களும் மாணவர் அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் போராடியதால் வந்தவை அவை. 2017க்குப் பிறகு சீர்திருத்தம் பல்கலைக்கழகங்களின் நல்லெண்ணத்துக்கே விடப்பட்டது. 2021இல் மீண்டும் கேட்டபோது, பாலியல் தாக்குதலுக்கு ஆளானவர்களில் புகார் கொடுத்தவர்கள் 5.6 சதவீதம்தான். உயர்கல்வித் தரத்தைக் கண்காணிக்கும் டெக்சா அமைப்பின் மெத்தனத்தை 2023இல் செனட் குழு வெளிப்படையாகக் கண்டித்தது. அதன் பிறகுதான் 2025 பிப்ரவரி 1 முதல் தேசிய மாணவர் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இயங்கத் தொடங்கியது. பாலின வன்முறையைத் தடுப்பதற்கான கட்டாய விதிமுறை 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்டவரே கேட்டாலொழிய வாய்ப்பூட்டு ஒப்பந்தம் போடக் கூடாது என்கிறது அது. மாணவர் விடுதிகளையும் விட்டுவைக்கவில்லை. வரவேற்கிறோம்.

ஆனால் போதாது. குறைதீர்ப்பாளர் விசாரிக்கலாம், ஆவணம் கேட்கலாம், கடைசியில் பரிந்துரைதான் செய்யலாம். அந்தப் பரிந்துரையைப் பல்கலைக்கழகம் ஏற்றே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை நாளில் முடிந்தன, முடிவு என்ன என்பதை ஆண்டுதோறும் பெயர் சொல்லி அச்சிட வேண்டும். பணியாளர் ஒருவர்மீது குற்றம் உறுதியானால் அவர் அடுத்து வேலைக்குப் போகும் கல்வி நிறுவனத்துக்கு அது எழுத்தில் போய்ச் சேர வேண்டும். ராத்ஜென் கதையில் அறுந்து கிடந்த கண்ணி அதுதானே.

இதை எங்கோ தூரதேசத்துச் செய்தியாகப் படிக்க நமக்கு உரிமை இல்லை. சிட்னியிலும் மெல்போர்னிலும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். வீட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய குடும்பத்துப் பெண் பருவத் தேர்வைத் தள்ளிப்போடவே அஞ்சுவாள். படிப்பில் இடைவெளி விழுந்தால் விசா என்னாகும் என்ற பயம் அவளை வாய் திறக்க விடாது. அம்மாவிடம் தொலைபேசியில் 'நல்லா இருக்கேன்மா' என்றுதான் சொல்வாள்.

நம் வீட்டிலும் கணக்கு பாக்கி இருக்கிறது. 2018இல் அருப்புக்கோட்டைக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர், பல்கலைக்கழக மேலிடத்தாருக்கு இணங்கிப் போகும்படி மாணவிகளிடம் தொலைபேசியில் பேசிய ஒலிப்பதிவை நாடே கேட்டது. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுதலையானார்கள். அந்த மேலிடத்தார் யார் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. நம் கல்லூரிகளின் உள்ளகப் புகார்க் குழுவை அமைப்பதும் அந்தந்தக் கல்லூரி நிர்வாகமே. நிர்வாகத்தின் மேல்மட்டத்தின் மீதே புகார் என்றால் அந்தக் குழு யார் முகத்தைப் பார்க்கும்? தமிழ்நாட்டு அரசு இந்த விசாரணைகளைக் கல்லூரி வாசலுக்கு வெளியே கொண்டுவர வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் மாநில அளவில் ஒரு தனி அலுவலகம், நேரடியாகப் புகார் வாங்கும் அதிகாரத்தோடு அமைய வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் படிக்கும் மகளோ மகனோ உங்களுக்கு இருந்தால் இந்த வாரமே இரண்டு விவரங்களை அனுப்பி வையுங்கள். தேசிய மாணவர் குறைதீர்ப்பாளரிடம் வெளிநாட்டு மாணவர்களும் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான 24 மணி நேர உதவி எண் 1800 737 732.