யாருக்காக இந்தக் கலப்பு வலு?

மோட்டார்ப் பந்தயமே நாளைய தொழில்நுட்பத்தின் ஆய்வுகூடம் என்று சிலர் முழங்குகின்றனர். எம்மிடம் பயிலும் மாணவர் சிலரும் அதையே ஒப்பிக்கின்றனர். பிரான்சின் லெ மான் நகரில் 24 மணிநேரம் இடைவிடாது நடைபெறும் ஓட்டத்தில், எரிபொருளும் மின்சாரமும் கலந்து இயங்கும் வண்டிகளே உலகுக்கு வழிகாட்டும் என்பது அவர்கள் வாதம். இதனை ஆராயாமல் ஏற்பதற்கில்லை.

கலப்பு வலுவை நாம் பழிக்கவில்லை. பிறேக் பிடிக்கையில் வெப்பமாய் வீணாகும் சக்தியைச் சேமித்து, வேகம் வேண்டும்போது மீட்டுக் கொடுப்பது மனித அறிவின் மாண்பே. 2012ஆம் ஆண்டு ஔடி நிறுவனத்தின் வண்டி அங்கு வென்றது. கலப்பு வலுவுக்கு அதுவே அக்களத்தின் முதல் வெற்றி. பின்னர் போர்ஷே நிறுவனம், வெளியேறும் புகையின் சக்தியையுங்கூட மின்சாரமாக்கியது. அன்று அது ஆய்வுகூடந்தான்.

ஆனால், ஆய்வுகூடத்தின் சாவி யார் கையில் இருந்தது? 2016ஆம் ஆண்டின் முடிவில் ஔடி விலகியது. அடுத்த ஆண்டே போர்ஷேயும் உச்சப் பிரிவை விட்டகன்றது. முதலாளியின் கணக்கேடு மாறியதும் ஆய்வும் நின்றது! இன்றைய விதிகளோ உச்சப் பிரிவு வண்டிகளின் மொத்த வலுவுக்கு வரம்பிட்டு அவற்றைச் சமன்செய்கின்றன. கலப்பு வலு இல்லாமலே அஸ்டன் மார்ட்டின் 2025இல் களமிறங்கியது. போட்டி சமமாதல் விளையாட்டுக்கு நியாயமாகலாம். ஆனால், இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே என்றாகிவிட்ட கருவியை நாளைய உலகின் வழிகாட்டி என்பது விளம்பரமன்றி வேறென்ன?

இறுப்பிட்டியிலுள்ள நாம் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குச் சென்று நின்றால் நயினாதீவு கண்ணுக்குத் தெரிகிறது. நயினாதீவும் நெடுந்தீவும் அனலைதீவும் பாலமற்ற தீவுகள். அங்கு விளக்கெரிவதற்கு டீசல் கடல் கடந்து வரவேண்டும். வெயிலும் காற்றும் அங்கேயே உள்ளன. பகலில் வெயில், வீசும்போது காற்று, இரண்டும் ஓய்ந்தபோது மின்கலம், இறுதித் துணையாக டீசல் என்பதே இத்தீவுகளுக்கு வகுக்கப்பட்ட கலப்பு மின்திட்டம். லெ மானில் 24 மணிநேரம் ஓடினால் வெற்றிக் கிண்ணம். இங்கோ ஆண்டின் 365 நாளும் ஓடியாக வேண்டும். உண்மையான நெடுந்தூர ஓட்டம் எது?

அவ்வோட்டம் தொடங்கிய வரலாற்றைப் பாருங்கள். 2021 ஜனவரியில் திட்டம் சீன நிறுவனமொன்றின் கூட்டுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசம்பரில் திட்டம் இடைநிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை; 2024 மார்ச்சிலேதான் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. வல்லரசுகள் ஒன்றையொன்று முந்த முயன்ற இப்பந்தயத்தில் மூன்றாண்டுகளை இழந்தவர்கள் தீவு மக்களே. அவர்களை யார் கேட்டனர்?

எனவே கலப்பு வலுவின் எதிர்காலம் பந்தயத் திடலில் இல்லை என்கிறோம். அக்கருவியை இயக்கவும் பழுது நீக்கவும் தீவின் பிள்ளைகள் கற்கவேண்டும். வரவு செலவுக் கணக்கு தமிழில் மக்கள் முன் வைக்கப்படவேண்டும். இல்லையேல் டீசலுக்குக் காத்திருந்த மக்கள் நாளை உதிரிப்பாகத்துக்குக் காத்திருப்பர். ஆசிரிய நண்பர்களே, வண்டியின் வேகத்தை வியக்கும் மாணவனைக் கடியாதீர்கள். அந்த வியப்பை அவனது தீவின் பக்கம் திருப்புங்கள்!